நான் வரைந்த மூன்று டியூப் லைட்டுகள்

ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கிக் கண்ணாடிமேல் அந்தப் படத்தைக் கவிழ்க்கப் போனேன். கை பாதியில் நின்றுவிட்டது.

படத்தைக் கொண்டுவந்தவள் ஸ்டெல்லா. ஒரு காலத்தில் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தோம். அவள் தையல் லைன், நான் சாம்பிள் ரூம். மதியச் சாப்பாடு இரண்டு பேருக்கும் ஒரே மரத்தடியில். அவள் என் கடைக்கு வந்த அன்றைக்கு மழை விட்ட காலை. முந்தானைக்குள் பத்திரமாக ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தாள். அதில் இரண்டு தாள்கள். ஒன்று டைப் அடித்த கடிதம், இன்னொன்று பளபளப்புத் தாளில் அடித்த கலர் படம்.

எதில் கையெழுத்துப் போடுவதானாலும் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள் என்று அவள் அண்ணன் போனில் சொல்லியிருந்தாராம். அதற்காக என் கடைக்கு வந்திருந்தாள். மூன்று மணிக்கு அவள் வீட்டுக்காரரின் மேனேஜர் அவர்கள் வீட்டுக்கே வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டு போவாராம்.

படத்தில் இருந்தது தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பின் உட்புறம். ஒரு பக்கம் பெரிய மர ட்ரம்கள், மறுபக்கம் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிகள், நடுவில் ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு ஈரப்பாதை. மேலே மூன்று டியூப் லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சம் தரை ஈரத்தில் நீளநீளமாக விழுந்திருந்தது. யார் பார்த்தாலும் நல்ல படம் என்றுதான் சொல்வார்கள்.

நல்ல படமாகத்தான் இருக்கும். அந்த மூன்று லைட்டையும் போட்டவள் நான்.

குளோ போட்டுக் குடுங்க

இந்தத் தொடரில் என் தொழிலைப் பற்றி இதுவரை வேடிக்கையாகவே எழுதி வந்திருக்கிறேன். செத்துப்போனவருக்குத் தவறுதலாக மீசை வைத்துவிட்டு அவர் மச்சானிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் படித்துச் சிரித்ததாகப் பலர் எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் என்னால் சிரிக்க முடியாது. நடந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் கடையில் ஃப்ளெக்ஸ் உண்டு, லேமினேஷன் உண்டு, ஜெராக்ஸ் உண்டு. ஆனால் சோறு போடுவது டிஜிட்டல் பெயிண்டிங். பென் டேப்லெட்டில் வரைவது. போட்டோ கொடுத்தால் ஓவியமாக்கித் தருவேன். கிழிந்த போட்டோவில் பாதி முகம் இருந்தால் மீதி முகத்தையும் வரைந்து கொடுப்பேன்.

படம் ஒளிவிட வேண்டும் என்பதற்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான். குளோ போட்டுக் குடுங்க. கல்யாண பேனருக்கு குளோ, காதுகுத்துக்கு குளோ, கட்சிக்காரர் பிறந்தநாளுக்கு ரெண்டு மடங்கு குளோ. கண்ணீர் அஞ்சலி என்றால் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் கட்டாயம். இருக்கும்போது ஒரு வாய் காபி கொடுக்காத மருமகன், மாமனார் தலைக்குப் பின்னால் வெளிச்சம் பத்தலை என்று என்னோடு சண்டைக்கு நிற்பான்.

பெண்பிள்ளை படமென்றால் குளோவுக்கு வேறு அர்த்தம். வெள்ளையாக்கு என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார்கள். மஞ்சள் நீராட்டு பேனரில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, இது யாரு என்று அம்மாவைக் கேட்ட ஒரு சின்னப் பெண்ணின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கே அந்த வேலையை விட்டிருந்தால் நான் மனுஷி. விடவில்லை. கலரை மாற்ற மாட்டேன் என்று மட்டும் கடையில் எழுதி ஒட்டினேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும் என்று விட்டேன்.

வெளிச்சம் போடுவதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் என்னை மாதிரி வெளிச்சம் போட ஆள் இல்லை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் எப்படிப் போடுவது

புதிதாக வருகிறவர்கள் வெள்ளை பெயின்ட்டை எடுத்து அப்புவார்கள். அது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும், எரியாது. முதலில் படம் முழுவதையும் இருட்டாக்க வேண்டும். சுற்றி இருட்டு இருந்தால்தான் நடுவில் வைக்கிற வெளிச்சம் எரியும்.

அப்புறம் தனியாக ஒரு லேயர். லேயர் என்றால் படத்தின் மேல் வைக்கிற கண்ணாடித்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் மெத்தென்ற பெரிய பிரஷ்ஷால், தொட்டும் தொடாமலும், வெளிச்சத்தின் நிறத்தைத் தடவ வேண்டும். டியூப் லைட் என்றால் லேசான நீலம், குண்டு பல்பு என்றால் மஞ்சள். லேயரை ஒளிகூட்டும் மோடுக்கு மாற்றினால் கீழே இருக்கிற படம் எரிய ஆரம்பிக்கும். விளக்கின் நடு மட்டும் கிட்டத்தட்ட வெள்ளை. வெளியே போகப்போக நிறம் கூடி, வெளிச்சம் குறையும்.

இதோடு விடுகிறவர்கள் ஜாஸ்தி. ஆனால் வெளிச்சம் ஒரு இடத்தில் இருந்தால் அது சும்மா இருக்காது. பக்கத்துச் சுவரில் படும், தூணுக்கு நிழல் போடும், ஈரத் தரையில் நீளமாக இறங்கும். அதையெல்லாம் ஒவ்வொரு லேயரில் போட்டால்தான் பார்க்கிறவன் நம்புவான். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கண் படம் இருக்கும். அதைத் தட்டினால் அந்த லேயர் மறையும், மறுபடி தட்டினால் வரும்.

வேலை முடிந்ததும் எல்லா லேயரையும் ஒன்றாக்கி ஒரே படமாகக் கொடுப்போம். வாடிக்கையாளருக்கு அதுதான் போகும். ஆனால் லேயர் பிரிந்த ஃபைலை எங்கள் ஊர் ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் அழிக்கவே மாட்டோம். காரணம் நினைவஞ்சலி. இந்த வருஷம் முதலாம் ஆண்டு என்று போட்டவர்கள் அடுத்த வருஷம் இரண்டாம் ஆண்டு என்று மாற்றச் சொல்லி அதே தேதியில் வந்து நிற்பார்கள். பேரன் பிறந்திருப்பான், அவன் பெயரையும் சேர்க்கச் சொல்வார்கள். ஃபைல் இல்லை என்று சொன்னால் தீர்ந்தது, செத்தவரையே நாம் தொலைத்துவிட்ட மாதிரிப் பேசுவார்கள்.

டீ குடித்துவிட்டுப் போன மனிதர்

அந்தத் தோல் ஷாப்பின் பெயரை எழுத மாட்டேன். மேனேஜர் பெயரையும் எழுத மாட்டேன். பயம் எனக்கில்லை, பத்திரிகை ஆசிரியருக்கு வக்கீல் நோட்டீஸ் வரும்.

ஸ்டெல்லா வந்த நாளுக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு மத்தியானம் அந்த மேனேஜர் என் கடைக்கு வந்தார். கஞ்சி போட்ட சட்டை, மெதுவான பேச்சு. வார்த்தைக்கு வார்த்தை மேடம். போனில் எடுத்த ஒரு போட்டோவைக் காட்டினார். ஷெட்டின் உட்புறம், கும்மிருட்டு. தூரத்து வாசலில் இருந்து மட்டும் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம். தோல் வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வருகிறார், ஷெட்டில் புது லைட் போடப்போகிறோம், போட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்றார். நிஜ போட்டோ மாதிரியே இருக்கணும் மேடம், சென்னையில கேட்டேன், உங்க அளவுக்கு வராதுன்னாங்க என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் உருகினேன். டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து வேலை செய்தேன். டியூப் லைட்டில் தூசி வைத்தேன். ஒரு லைட்டின் ஓரம் கறுத்திருக்கிற மாதிரி வைத்தேன், எரிந்து பழசான லைட் அப்படித்தான் இருக்கும். புது லைட் போடப்போகிறவருக்கு எதற்குப் பழைய லைட் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை. குழி ஓரத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் சிதறிக் கிடந்தது. அதன் மேல் மினுமினுப்பு வைத்தேன். அந்த மினுமினுப்புத்தான் படத்திலேயே நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

சுண்ணாம்புத் தண்ணீர் ஏன் அப்படிச் சிதறிக் கிடக்கிறது என்று கேட்கவில்லை.

காலண்டர்

மறுபடி ஜெராக்ஸ் மெஷினுக்கு வருகிறேன். படம் என் கையில், ஸ்டெல்லா என் எதிரில். இது ஏது உன்னிடம் என்று கேட்டேன்.

அவள் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் அருள்தாஸ் அந்தத் தோல் ஷாப்பில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறார். ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு மழை நாள் சாயங்காலம், நனைந்த தோலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தப் பாதையில் கால் தவறிச் சுண்ணாம்புக் குழிக்குள் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்தது. இடது கால் சுண்ணாம்பில் வெந்துபோனது. தலையும் குழி விளிம்பில் அடிபட்டதால் விழுந்தது அவருக்கு முழுசாக நினைவில்லை. கும்மிருட்டு என்று மட்டும் ஆஸ்பத்திரியில் திரும்பத்திரும்பச் சொன்னாராம்.

நாலு நாளைக்கு முன்னால் மேனேஜர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருக்கிறார். கூடவே இந்தப் படம், இந்தக் கடிதம். விழுந்த அன்றைக்கே எடுத்த போட்டோ அருள், நீயே பார், எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று காட்டியிருக்கிறார். கடிதத்தை நான் வாங்கிப் படித்தேன். போதுமான வெளிச்சம் இருந்தும் என் கவனக்குறைவால் விழுந்தேன், நிர்வாகத்தின் மேல் எந்தத் தவறும் இல்லை என்று அருள்தாஸே எழுதின மாதிரி இருந்தது. தெருவில் வேறு பேச்சு ஆரம்பித்துவிட்டது. அவ்வளவு வெளிச்சத்தில் விழுந்தான் என்றால் தண்ணி போட்டிருப்பான் என்று. ஸ்டெல்லாவே ஒரு நாள் அவரைக் கேட்டுவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கையெழுத்துப் போடப்போகிறாரா என்று கேட்டேன். போடப்போகிறார் என்றாள்.

"படத்த பாத்ததுலேந்து, எனக்குத்தான் கண்ணு போய்டுச்சுன்றாரு மலரு. நாலு நாளா ஒரு கண்ண மூடிகினு காலண்டர் படிக்கிறாரு. அப்பறம் இன்னொரு கண்ண மூடிகினு படிக்கிறாரு. எல்லாம் தெரியுதுடி, அப்ப அன்னிக்கு இன்னா ஆச்சு எனக்குன்னு அழுவுறாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதனின் கண்ணைப் பொய்யாக்கி, அதை அவனையே நம்பவைத்து, அவன் கையாலேயே எழுதி வாங்க வந்திருக்கிறான் பாவி. அதற்கு என் கையை எடுத்துக்கொண்டிருக்கிறான். இடுப்பு முறிந்து படுத்திருக்கிறவர் விழுந்து சிதறிய சுண்ணாம்புத் தண்ணீரில் நான் மினுக்கு வேலை செய்திருக்கிறேன். தூ என்று என்னையே துப்பிக்கொள்ளத் தோன்றியது.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். இந்த லைட் எல்லாம் நான் வரைந்தது என்று.

அவள் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் என் கையிலிருந்த படத்தைப் பிடுங்கிக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒவ்வொன்றாக அணைத்தேன்

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, ஷட்டரை இறக்கிவிட்டு, ஸ்டெல்லாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ரயில்வே லைனை ஒட்டிய காலனி.

அருள்தாஸ் அண்ணன் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். கால்மாட்டில் மருந்து நாற்றம். எதிர்ச் சுவரில் சர்ச்சில் கொடுத்த காலண்டர். நல்ல ஆகிருதியான மனிதர், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாம்மா என்று சிரித்தார்.

நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. லேப்டாப்பை அவர் மடியில் வைத்து ஃபைலைத் திறந்தேன். மேனேஜர் காட்டிய அதே படம். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். இங்கே பாருங்கண்ணா என்று சொல்லிவிட்டு முதல் லேயரின் கண் படத்தைத் தட்டினேன். வாசல் பக்கத்து லைட் போனது. இரண்டாவது கண். நடு லைட் போனது. மூன்றாவது. தரையில் விழுந்த வெளிச்சக் கோடுகள், ட்ரம்மின் மேல் பட்ட நீலம், தூண் நிழல், சுண்ணாம்புத் தண்ணீரின் மினுமினுப்பு. ஒவ்வொன்றாகத் தட்டித்தட்டி எடுத்தேன். கடைசியில் போனில் எடுத்த இருட்டு மட்டும் நின்றது.

அவர் லேப்டாப்பைக் கண்ணுக்குக் கிட்டே இழுத்தார்.

"இதுதான். வாசப்படி வெளிச்சம் மட்டுந்தான் வரும். இதுதான் ஸ்டெல்லா."

மறுபடி போடச் சொன்னார், போட்டேன். அணைக்கச் சொன்னார், அணைத்தேன். அப்புறம் தன் விரலாலேயே தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். லைட் வரும், போகும். நாலைந்து தடவை அப்படிச் செய்தார். திடீரென்று உதட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினார். ஸ்டெல்லா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். தண்ணி போட்டியான்னு நான் கேட்டேனே உன்னை, நான் கேட்டேனே என்று அவளும் அழுதாள்.

அழுகை நின்றதும் அவர் என்னைப் பார்த்தார். குரலில் கோபம்கூட இல்லை.

"லைட் போடச் சொன்னா போட்டுடுவியாம்மா? இவ்ளோ இருட்டா கீதே, இதுல எவன் நடக்கிறான்னு உனக்குக் கேக்கத் தோணலியா?"

தோணலண்ணா என்றேன்.

மூன்று மணி

மேனேஜர் சொன்ன நேரத்துக்கு வந்தார். இந்தத் தடவை சாத்துக்குடி. என்னைப் பார்த்ததும் வாசலில் ஒரு நொடி நின்றார், அப்புறம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். இருட்டுப் படம். இதுதான் நீங்கள் எனக்குக் கொடுத்தது என்றேன்.

அவருக்குக் கொஞ்சம்கூடப் பதற்றம் இல்லை. கம்ப்யூட்டரில் என்ன வேண்டுமானாலும் செய்யலாமே மேடம், லைட் எரிந்த படத்தை வாங்கி நீங்கள் இருட்டாக்கிக் கொண்டுவந்திருக்கிறீர்கள், உங்களுக்கும் ஸ்டெல்லாவுக்கும் பழைய சிநேகம் என்று எனக்குத் தெரியும் என்றார். பேச்சில் அதே மேடம்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. லேயர் என்றேன், ஃபைல் தேதி என்றேன், கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். நான் கத்தக்கத்த அவர் முகம் சாந்தமாகிக்கொண்டே போனது. பார்க்கிறவர்களுக்கு நான்தான் பொய் சொல்கிறவள் மாதிரி இருந்திருக்கும். இருக்கிறதை இல்லை என்று காட்டவும், இல்லாததை இருக்கிறது என்று காட்டவும் தெரிந்தவள் என்று ஊருக்கே தெரியும். என் தொழிலே எனக்கு எதிர்ச்சாட்சியாகிவிட்டது.

அருள்தாஸ் அண்ணன் கையைத் தூக்கினார். நான் நிறுத்தினேன். ஸ்டெல்லாவிடம் பேனாவைக் கேட்டு வாங்கினார். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, பளபளப்புப் படத்தை மேனேஜரிடம் நீட்டினார்.

"சார், நான் அங்க பதினெட்டு வருசமா கீறேன். தலையில அடிபட்டதுல மறந்துட்டேன்னு வச்சிக்கோங்க. இந்த மூணு லைட்டுக்கும் ஸ்விட்ச் எந்தச் செவுத்துல கீது? அத மட்டும் காட்டுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

மேனேஜர் படத்தை வாங்கினார். இடப்பக்கச் சுவரைப் பார்த்தார். வலப்பக்கச் சுவரைப் பார்த்தார். வாசல் ஓரம், தூண், ட்ரம்முக்குப் பின்னால் என்று கண்ணைக் கிட்டே கொண்டுபோய்த் தேடினார். வாசலில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

ஸ்விட்ச் நான் வரையவில்லை.